வெல்வெட் தட்டில் வந்த வாட்ச்

"மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் நீங்களே பார்த்துச் செய்யுங்க. நாங்க எதுவும் கேக்கலை. வாட்ச் மட்டும் கொஞ்சம் நல்லதாப் பாருங்க. அவன் ஆபீஸ்ல எல்லாரும் ஃபாரின் வாட்ச்தான் கட்டறாங்களாம்."

சம்பந்தியம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இதைச் சொன்னபோது, நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 'எதுவும் கேக்கலை' என்று ஆரம்பிக்கிற பேச்சுக்குப் பின்னால் ஏதாவது ஒன்று வந்தே தீரும் என்பதைப் பெண்ணைப் பெற்ற சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

'நல்ல வாட்ச்' என்றால் என்ன விலை? பட்டுப்புடவை என்றால் எனக்கு ஒரு கணக்கு உண்டு. பவுன் என்றால் காலையில் ரேடியோவிலேயே சொல்லிவிடுகிறார்கள். வெள்ளிக் குத்துவிளக்கு கூட எடை போட்டால் தெரிந்துவிடும். வாட்ச் விஷயத்தில் நான் சுத்த மக்கு. ஆயிரம் ரூபாய்க்கும் வாட்ச் இருக்கிறது, பத்து லட்சத்துக்கும் இருக்கிறது, இரண்டும் காட்டுவது ஒரே மணியைத்தான்!

இத்தனைக்கும் எங்கள் நெய்வேலியில் கடிகாரம் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ராத்திரி பகல் என்று பார்க்காமல் வேலை நடக்கிற ஊர். வீட்டில் உலை வைப்பது, குழந்தையைத் தூங்க வைப்பது, ஏன், விருந்தாளி வந்தால் மெதுவாகப் பேசச் சொல்வது கூட அன்றைக்கு என்ன ஷிப்டு என்பதைப் பொறுத்துத்தான். பழுப்பு நிலக்கரி இந்த மண்ணில் முதன்முதலில் வெட்டிக் கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். அதே 1961-ல்தான் பெங்களூரில் எச்.எம்.டி. கம்பெனி, ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து வாட்ச் ஃபாக்டரி ஆரம்பித்தது. இரண்டும் சர்க்கார் கம்பெனிகள், இரண்டும் ஒரு வயசுக்காரர்கள். என் அப்பா காலத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர் கையில் எல்லாம் எச்.எம்.டி.தான். ஜனதா, பைலட், சோனா என்று பெயர்கள், பெண்களுக்கு சுஜாதா. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் வாட்ச்சுக்குச் சாவி கொடுப்பது அப்பாவின் வழக்கம். "இது நின்னா நானும் லேட்டு" என்பார்.

என் கணவருக்கும் எங்கள் கல்யாணத்தில் அப்பா போட்டது எச்.எம்.டி. சோனாதான். தகடு மாதிரி மெலிசாக, தங்க முலாம் பூசியது. 2000-ம் வருஷம் எங்கள் கல்யாணம். அப்போது ஊரெல்லாம் டைட்டன் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அப்பா மட்டும் ஏன் அந்தப் பழைய சாவி வாட்ச்சையே பிடித்துக்கொண்டார் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்போது வெளியில் சொல்லவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

என் தங்கை பெண் சென்னையில் வேலையாக இருக்கிறாள். "பெரியம்மா, கடைக்கடையா அலையாதீங்க. வாட்ச்சுக்குன்னே இருக்கற பெரிய ஷோரூம் ஒண்ணு இருக்கு, போய்ப் பார்த்துட்டு வரலாம். பார்க்கக் காசா கேக்கறாங்க?" என்றாள். சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் பாங்கில் இருந்தது. பெண்ணுக்கு நகைக்கென்று போட்டு வைத்தது. 'சும்மா பார்க்கத்தானே' என்றுதான் நானும் கிளம்பினேன். விடிகாலை பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அண்ணா சாலை போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

அம்மாடி, அந்தக் கடை!

கதவைத் திறந்துவிட ஒரு ஆள் நிற்கிறார். "செருப்பை வெளியே விடணுமா?" என்று இவர் மெதுவாக என்னிடம் கேட்டார். அப்படி இருந்தது தரை! உள்ளே போனதும் முதலில் மனசில் பட்டது அமைதிதான். ஜவுளிக்கடைக்குப் போனால் "அக்கா இங்க வாங்க, அம்மா இந்தப் பக்கம்" என்று நாலு பேர் இழுப்பார்கள். நகைக்கடையில் கூட்டம் நெரியும், டோக்கன் போடுவார்கள். இங்கே எங்களையும் சேர்த்து மொத்தம் ஏழெட்டுப் பேர்கூட இல்லை. சுவர் ஓரமாகக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து வாட்ச் மட்டும், மேலே குட்டி விளக்கு. குவித்து வைப்பதே கிடையாது.

எல்லா வாட்ச்சிலும் முள் பத்து மணி பத்து நிமிஷத்தில் நிற்கிறது. என் கணவர் பார்த்துவிட்டு, "எல்லாமே ராத்திரி ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் லேட்டு" என்றார். கடைப் பெண் சிரித்துவிட்டாள். முள்கள் இப்படி விரிந்து நின்றால் நடுவில் இருக்கும் கம்பெனி பெயர் மறையாது, சிரித்த முகம் மாதிரியும் தெரியும் என்று அதற்குக் காரணம் சொன்னாள். வீட்டுக்கு வந்து பேப்பரில் வாட்ச் விளம்பரங்களைப் பார்த்தேன், அநேகமாக எல்லாம் அப்படித்தான்.

உட்கார வைத்தார்கள். மெத்தை போட்ட நாற்காலி. தண்ணீர் வந்தது, காபி வேண்டுமா டீ வேண்டுமா என்று கேள்வி வந்தது. என் பெண் வயசுதான் இருக்கும் அந்தக் கடைப் பெண்ணுக்கு. "என்ன விலையில் பார்க்கறீங்க?" என்று அவள் ஆரம்பிக்கவில்லை. "வாட்ச் யாருக்கு அம்மா? அவர் என்ன வேலை பார்க்கறார்? கை மெலிசா, பருமனா? பேன்ட் ஷர்ட் போடறவரா, டீ ஷர்ட் போடறவரா?" இப்படியே பத்து நிமிஷம் பேச்சு. எனக்கு அசல் பெண் பார்க்கப் போன இடம் மாதிரி இருந்தது! பிறகு கறுப்புக் கையுறையைப் போட்டுக்கொண்டு, வெல்வெட் விரித்த தட்டில் மூன்றே மூன்று வாட்ச்சைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கமும் கண்ணாடி. உள்ளே பொடிப்பொடியாகச் சக்கரங்கள், நடுவே ஒரு வளையம் இப்படியும் அப்படியும் துடிதுடித்துக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தையின் உச்சந்தலை துடிக்குமே, அது ஞாபகம் வந்தது. "மணிக்கு 28,800 தடவை துடிக்கும்மா. பாட்டரி கிடையாது. கையை அசைக்க அசைக்கத் தானே சாவி ஏறிக்கும்" என்றாள். நூற்றுக்கு மேல் உறுப்புகளாம் ஒரு வாட்ச்சுக்குள். ஷார்ட்ஸ் தைக்கிற பொத்தான் அளவுக்குள் இத்தனை சாமான்!

அப்படியானால் பாட்டரி வாட்ச் மட்டமா என்று கேட்டேன். அவள் சொன்னதில் ஒளிவு மறைவு இல்லை. மணி சரியாகக் காட்டுவதில் பாட்டரி வாட்ச்தான் கெட்டிக்காரன். அதற்குள் இருக்கிற சின்னக் குவார்ட்ஸ் கல் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது, அதனால் மாசத்துக்குச் சில விநாடிதான் முன்பின் போகும். சக்கர வாட்ச் தினமுமே சில விநாடி முன்பின் போகும். ஆனால் விலை சக்கரத்துக்குத்தான் ஜாஸ்தி! நேரம் தப்புகிற வாட்ச்சுக்கு அதிக விலையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன். மிஷினில் நெய்த புடவை நூல் பிசகாமல் இருக்கிறது, கைத்தறிக்குத்தானே நாம் விலை கொடுக்கிறோம்?

இந்தக் குவார்ட்ஸ் கதை பெரிய கதை. 1969 டிசம்பர் 25-ம் தேதி ஜப்பானில் சீக்கோ கம்பெனி உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலைக்கு ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கலாமாம்! பத்துப் பதினைந்து வருஷத்தில் விலை தடதடவென்று இறங்கி, சாதாரண ஜனங்கள் கைக்கு வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக வாட்ச் செய்து பிழைத்த சுவிட்சர்லாந்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. 1970-ல் சுமார் 90 ஆயிரம் பேர் இருந்த தொழிலில் 1980-களின் நடுவில் மிஞ்சியது முப்பதாயிரத்துச் சொச்சம். பிழைத்து நின்ற கம்பெனிகள் பிடித்துக்கொண்ட வழிதான் இது. மணி பார்க்க வாட்ச் விற்பதை விட்டு, கைவேலையை விற்பது. அதற்கு இந்த மாதிரிக் கடை, இந்த மாதிரித் தட்டு, இந்த மாதிரிப் பேச்சு. செல்போனிலேயே மணி தெரிகிற இந்த நாளில் இவ்வளவு பெரிய கடை எப்படி நடக்கிறது என்று போகும்போது எனக்கிருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

இதெல்லாம் புது நாகரிகம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே அண்ணா சாலையில் பி.ஓர் அண்ட் சன்ஸ் என்று ஒரு கடிகாரக் கடை. ஜனங்கள் வாயில் 'பி.ஆர். அண்ட் சன்ஸ்' ஆகிவிட்டது, பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூவுவார். பீட்டர் ஓர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நூற்று எழுபது வருஷத்துக்கு முன் தொடங்கியது. மணிக்கூண்டோடு கூடிய அந்தக் கட்டிடம் 1870-களைச் சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரைகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் அங்கே தட்டில் வைத்துக் காட்டியிருப்பார்கள். நமக்கு? நம் தாத்தாக்கள் ரோட்டில் நின்று மணிக்கூண்டைப் பார்த்துத் தங்கள் வாட்ச்சைத் திருப்பி வைத்துக்கொண்டு போயிருப்பார்கள், அவ்வளவுதான். 2011-ல் மெட்ரோ ரயில் வேலைக்காக அந்தக் கட்டிடத்தின் பின்பகுதியை இடித்தபோது ஊரில் பெரிய சத்தம் எழுந்தது.

நடுத்தரக் குடும்பத்தாரை நாற்காலி போட்டு உட்கார வைத்து வாட்ச் காட்டுகிற பழக்கம் நம் பக்கத்தில் பரவியது டைட்டனால்தான் என்பேன். 1984-ல் டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி, ஓசூரில் ஃபாக்டரி. அதற்கு முன் வாட்ச் கடை என்றால் எப்படி இருக்கும்? இருட்டான சந்து, தூசி படிந்த அலமாரி, கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். டைட்டன்காரர்கள் 1987-ல் பெங்களூரில் முதல் ஷோரூம் திறந்து, விளக்குப் போட்டு, விலை எழுதி ஒட்டி, நகை மாதிரி அடுக்கினார்கள். பெண்கள் தைரியமாக உள்ளே நுழைந்து வாட்ச் கேட்க ஆரம்பித்தது அப்புறம்தான்.

பெண்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. மாப்பிள்ளை வாட்ச்சை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடைப் பெண் சட்டென்று என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எதுவும் பார்க்கலையாம்மா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. பத்தாவது பாஸானதற்கு அப்பா வாங்கிக் கொடுத்த சின்ன வாட்ச் ஒன்று என்னிடம் இருந்தது. பெரியவள் பிறந்த பிறகு கழற்றியதுதான், குழந்தையைக் குளிப்பாட்டும்போது கீறிவிடுமே என்று. அப்புறம் கட்டவே இல்லை. இருபத்துச் சொச்சம் வருஷமாக யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிட்டேன். வளையலை மேலே ஏற்றிவிட்டு, பட்டுப் பூச்சி மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டாள். முத்துச் சிப்பி நிறத்தில் முகம். "வளையல் போடற கையில கட்டாதீங்கம்மா, கண்ணாடி கீறிடும். வலது கையில கட்டிக்குங்க" என்று யோசனையும் சொன்னாள்.

இதுதான் சகோதரிகளே, இந்தக் கடைகளின் மயக்கம். சாமான் மட்டும் இல்லை. ஒருவர் உங்களுக்காக உட்கார்ந்து, அவசரப்படாமல், விஷயம் தெரிந்து பேசுகிறார். நாள் முழுக்க மற்றவர் ஷிப்டுக்கு ஓடுகிற நமக்கு, நம் மணிக்கட்டை ஒருத்தி கையில் பிடித்துக்கொண்டு 'உங்களுக்கு எது பொருந்தும்' என்று யோசிப்பது ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதற்காகவே வாங்கலாம் போலத் தோன்றும்.

தோன்றியது. அங்கேதான் ஆபத்து!

தட்டில் முதலில் வைத்தது 38,000 ரூபாய். அடுத்தது 6 லட்சம், 'சும்மா பாருங்கம்மா' என்று. மூன்றாவது 1,12,000. ஆறு லட்சத்தைக் கையில் தூக்கிப் பார்த்த பிறகு, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்பது எனக்கு மலிவாகப் பட்டது! விலைச் சீட்டும் கண்ணில் படாமல் அடிப்பக்கமாகத் திரும்பியிருக்கும், நாமே கேட்டால்தான் உண்டு. அத்தனை மரியாதையாக நடத்துபவர்களிடம் 'என்ன விலை' என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போதாதென்று, "வட்டியில்லாத் தவணையும் இருக்கும்மா." என் வாய் எனக்குத் தெரியாமலே, "சரி, இதையே எடுத்துடலாங்க" என்று சொல்லிவிட்டது. மனசில் ஓடியதெல்லாம் சம்பந்தியம்மாளின் முகம்தான். அந்தப் பெட்டியை மேடையில் திறக்கும்போது அந்த அம்மாள் என்ன பேச முடியும், பார்ப்போம் என்று ஒரு வீம்பு. சீட்டுப் பணம், நகை எல்லாம் எங்கோ போய்விட்டது.

என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய சோனாவை எடுத்தார். அது நின்று ஒரு வருஷம் ஆகிறது. "இதைக் கொஞ்சம் பார்க்க முடியுமாம்மா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. லட்ச ரூபாய்க் கடையில் போய் இந்தப் பழைய வாட்ச்சையா நீட்டுவது!

அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. அதே கையுறை, அதே வெல்வெட் தட்டு. ஆறு லட்சம் இருந்த இடத்தில் சோனாவை வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வயசான ஒரு மெக்கானிக் வெளியே வந்தார். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல வாட்ச் சார். ஒண்ணும் உடையலை. எண்ணெய் காய்ஞ்சு போயிருக்கு. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் பிரிச்சு சுத்தம் பண்ணணும், யாரும் செய்யறதில்லை. நாங்க இதை எடுக்கறதில்லை, உங்க ஊர்லயே பழைய ஆள் யாராவது இருப்பார், அவர்கிட்ட கொடுங்க. புது ஆள்கிட்ட கொடுத்துடாதீங்க" என்றார். எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியை மூடிவிட சர்க்கார் 2016-ல் முடிவு செய்தது. ஆனாலும் ஓடுகிற பழைய வாட்ச்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருப்பதாகவும், அவற்றைத் தேடி வாங்குகிற இளவட்டங்களே இருப்பதாகவும் அவர் சொன்னபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"யோசிச்சுட்டு வரோம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தோம். அதற்கும் அந்தப் பெண் வாசல்வரை வந்து அனுப்பினாள். உள்ளபடி சொல்கிறேன், எனக்கு இவர்மேல் கோபம்தான். பஸ்ஸில் திண்டிவனம்வரை பேசவில்லை.

அப்புறம் இவராகவே ஆரம்பித்தார். "நம்ம கல்யாணத்துல எங்கம்மாவும் இதேதான் கேட்டாங்க, உனக்குத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை, அப்பாவும் சொன்னதில்லை.

"ஃபாரின் வாட்ச்தான் போடணும்னு ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. மாமா என்னைத் தனியா டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனார். 'மாப்பிள்ளை, ஃபாரின் வாட்ச் கொண்டாந்து தர ஆள் இருக்கு. ஆனா அவன் பில்லு தரமாட்டான். பில்லு இல்லாத சாமானை என் பொண்ணு கல்யாணத்துல வைக்க எனக்கு மனசு வரலை. எச்.எம்.டி. வாங்கியிருக்கேன், பில்லு இந்தா' அப்படின்னு பில்லை என் கையில கொடுத்தார். நான் எங்கம்மாகிட்ட, நான்தான் எச்.எம்.டி. கேட்டேன்னு சொல்லிட்டேன்."

அந்த பில் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவிலிருந்து எடுத்துக் காட்டினார். மை மங்கிப்போய், ஆனால் அப்பாவின் பெயர் தெரிகிறது.

மறுநாள் பெண்ணிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவள் அங்கே கேட்டுவிட்டு வந்து சொன்னாள், மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டும் பழக்கமே இல்லையாம். எத்தனை அடி நடந்தோம் என்று கணக்குக் காட்டுமே, அந்த ரப்பர்ப் பட்டைதான் கையில். ஆபீஸில் யாரும் யார் கையையும் பார்ப்பதில்லையாம்! அம்மாவிடம் இதைச் சொல்வாரா என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்ல மாட்டாரும்மா" என்றாள். என் கணவர் அந்த நாளில் சொன்னாரே என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் புதுச்சேரி நேரு வீதியில் வாட்ச் கடைக்குப் போய், டைட்டனில் பின்பக்கம் கண்ணாடி வைத்த ஆட்டோமாட்டிக் ஒன்று எடுத்தோம். 19,500 ரூபாய். அங்கேயும் நாற்காலி போட்டார்கள், தட்டில் வைத்துக் காட்டினார்கள், காபிதான் இல்லை. இந்தத் தடவை நான் முதலிலேயே, "இருபதாயிரத்துக்குள்ள காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். சென்னையில் கற்ற பாடங்களையும் விடவில்லை. கண்ணாடி சாதாரணமா, கீறல் விழாத சஃபையர் கண்ணாடியா என்று கேட்டேன். '30 மீட்டர்' என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்தில் முங்கலாம் என்று அர்த்தம் இல்லை, கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்பதுதான். கட்டிக்கொண்டு குளிக்கக் கூடாது. நம் ஊர் வேர்வைக்குத் தோல்பட்டை ஒரு வருஷத்தில் நாறிவிடும், எஃகுப் பட்டைதான் தாங்கும். காரண்டி அட்டையில் வாட்ச்சின் நம்பர், வாங்கிய தேதி, கடை முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, வாட்ச்சின் முதுகில் பொறித்த நம்பரோடு ஒத்துப்பார்த்தேன். கடைக்காரர் என்னை ஏதோ இன்ஸ்பெக்டர் மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்!

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் வட்டத்திலேயே ஒருவர் பதினெட்டாயிரம் கொடுத்து, 'சிங்கப்பூரிலிருந்து வந்தது, கடையில் மூன்று லட்சம்' என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வாட்ச் வாங்கினார். நாலே மாசத்தில் முலாம் உரிந்து பல்லிளித்தது. ரிப்பேருக்குத் திறந்தால் உள்ளே இருநூறு ரூபாய் இயந்திரம். பில் ஏது, யாரைக் கேட்பது? விலை உயர்ந்த வெளிநாட்டு வாட்ச் வாங்கியே தீரவேண்டிய நிலை யாருக்காவது வந்தால், அந்தக் கம்பெனி அனுமதி கொடுத்த கடைதானா என்று கம்பெனியின் பட்டியலில் பார்த்துவிட்டுப் போகவேண்டும். இரண்டு லட்சம் ரூபாய் தொட்டுவிட்டால் கடைக்காரர் ரொக்கமாக வாங்கக் கூடாது, அதற்கு மேல் போனால் பான் நம்பரும் கேட்பார். பத்து லட்சத்துக்கு மேல் போனால் 2025 ஏப்ரல் 22 முதல் நூற்றுக்கு ஒரு ரூபாய் வருமான வரிக் கணக்கில் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தக் கடைசிச் செய்தி நம்மில் எத்தனை பேருக்கு உபயோகப்படும் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவைத்தேன்!

முகூர்த்தம் தையில். வாட்ச் பெட்டி பீரோவில், முகூர்த்தப் பட்டுக்குப் பக்கத்தில், பில்லோடு இருக்கிறது. சம்பந்தியம்மாள் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியாது. சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சீட்டுப் பணம் நகைக்குப் போய்விட்டது, திரும்பிக் கிடைக்காது என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

சோனாவை மெயின் பஜாரில் வாட்ச் ரிப்பேர் செய்கிற பாயிடம் கொடுத்திருக்கிறோம். நாலுக்கு நாலு அடிக் கடை, இவருக்கு நாற்காலி இல்லை, எனக்கு மட்டும் ஸ்டூல் போட்டார். அவரும் கண்ணில் அதே லென்ஸைத்தான் செருகிக்கொண்டார். கையுறை இல்லை, ஆனால் திறப்பதற்கு முன் விரல்களை வெள்ளைத் துணியில் மூன்று தடவை துடைத்தார். "சோனாவா! இது யார் வாங்கினது?" என்று கேட்டார். "என் மாமனார்" என்றார் இவர். நானூற்றைம்பது ரூபாய் ஆகும், வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.